நம்ம சாமியார்

சிங்கராயர் சாமியார் வாயில் ‘என்’ என்ற சொல் வரவே வராது. “நம்ம செருப்பு எங்க?” என்பார். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் தேடுவோம். வார் அறுந்து கிடப்பது அவருடைய செருப்பாகத்தான் இருக்கும். ஒரு நாள், “நம்ம பல்லு வலிக்குது” என்றார். “எங்க பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்குங்க சாமி” என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அவர் ஆசீர்வாதப்பர் சபைக் கிறிஸ்தவத் துறவி, குருப்பட்டம் வாங்கியவர். வலங்கைமானுக்குத் தெற்கே எங்கள் தெருவை ஒட்டிய தோப்பில் அவர்களுடைய சின்ன மடம் இருந்தது. காலையில் பூசை, பிறகு மண்வெட்டி, நாங்கள் நடவு முடிந்து கரையேறியதும் எங்களுக்குப் பாடம். பிள்ளைகளுக்கில்லை, பேரன் பேத்தி எடுத்த எங்களுக்கு. நான் மருதையன், என் அக்கா காளியம்மாள், இரண்டு பேரும் முன்வரிசை மக்குகள்.

துறவிக்குச் சொந்தமென்று எதுவும் கிடையாதாம். போட்டிருக்கும் அங்கிகூட மடத்துக்குப் பொதுவாம். அதனால் ‘என்’ சொல்லக்கூடாது என்பது அவர்கள் ஒழுங்கு. அந்த ஒழுங்கு கரும்பலகையிலும் ஏறிவிட்டது. நம் ஆடு, நம் ஏர், நம் வீடு. நாங்களும் அப்படியே படித்தோம்.

குடியிருக்கிற மனை குடியிருப்பவருக்கே என்று சட்டம் வந்த மறு வருஷம், தாசில்தார் எங்கள் தெருவுக்கு விசாரணைக்கு வந்தார். அக்கா புருஷனை இழந்தவள். பண்ணையார் நிலத்து ஓரத்தில் முப்பது வருஷமாக அவள் குடிசை. அந்த இடத்தில் நெல்லடிக்கக் களம் போட வேண்டும் என்று பண்ணையின் காரியக்காரர் இளையபெருமாள் துடித்துக்கொண்டிருந்தார். பட்டா வராவிட்டால் அறுப்புக்கு முன்னால் அக்கா தெருவில் நிற்க வேண்டும்.

வாக்காளர் பட்டியலில் பேர் சரியாக இருந்தது. அக்கம்பக்கத்தாரும் சாட்சி சொல்லிவிட்டார்கள். அவள் வாய்மொழி ஒன்றுதான் பாக்கி.

“இது யாரு வீடும்மா?” என்று கேட்டார் தாசில்தார்.

அக்கா படித்த திமிரோடு நிமிர்ந்து, “நம்ம வீடுங்க” என்றாள்.

வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்துவிட்டது. “கேட்டீங்களா சார்?” என்று இளையபெருமாள் முன்னால் வந்தார். “அவ வாயாலயே சொல்லிட்டா. பண்ணைக்கும் சேர்த்துத்தான் ‘நம்ம’ங்கிறா. தனக்கு மட்டும்னா எங்க வீடுன்னுல்ல சொல்லுவா?”

தாசில்தார் பேனாவை நிறுத்தினார். “நம்மன்னா யாரும்மா? என்னையும் சேர்த்தா?”

வீட்டுக்கு வந்த பெரிய மனுஷரை இல்லை என்று சொல்ல அவளுக்கு மனசு வருமா? “சேர்த்துத்தானுங்க” என்றாள்.

கூட்டம் சிரித்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது எங்கள் படிப்பு.

வேலியோரம் நின்ற சாமியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். “சார், தப்பு நம்ம தப்பு” என்றார்.

“நீங்களுமா?” என்று தாசில்தார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

சாமியாருக்கு வேர்த்தது. தொண்டையைச் செருமினார். “என் தப்பு” என்றார். துறவியான பத்தொன்பது வருஷத்தில் முதல் ‘என்’. “துறவிக்குச் சொந்தம்னு ஒண்ணு இருந்தா, அது அவன் செஞ்ச தப்புதான் சார். என் சபை ஒழுங்கை இவங்க தலையில கட்டிட்டேன். காளியம்மா, சொந்தம் வேண்டாம்னு சத்தியம் பண்ணினது நானு. நீங்க இல்ல.”

தாசில்தார் ஒரு காகிதத்தை அக்காவிடம் நீட்டினார். “எழுதத் தெரியுமில்ல? யாரு வீடுன்னு எழுதுங்க.”

‘என்’ என்ற சொல்லைப் பலகையில் அவள் பார்த்ததே இல்லை. ‘எலி’யிலிருந்து முதல் எழுத்தை எடுத்தாள். ‘மீன்’ என்று முணுமுணுத்துக் கடைசி எழுத்தைப் பிடித்தாள். இரண்டையும் ஒட்டவைத்தாள். ‘என் வீடு. காளியம்மாள்.’ எழுதிவிட்டுக் காகிதத்தை எங்கள் எல்லோருக்கும் தூக்கிக் காட்டினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் அழுதேன். இளையபெருமாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார்.

தை பிறக்கும்போது பட்டா வந்தது. அக்கா பொங்கல் வைத்துச் சாமியாரைக் கூப்பிட்டாள். ஒரு தடவை சூடுபட்டவர் அல்லவா, வாசலிலேயே நின்று, “காளியம்மா, உங்க வீட்டுக்குள்ள வரலாமா?” என்று ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திக் கேட்டார்.

அக்கா கரண்டியோடு வெளியே வந்தாள்.

“என்ன சாமி, உங்க வீடு எங்க வீடுன்னு பிரிச்சுப் பேசுறீங்க? நம்ம வீடு. தலை இடிக்கும், குனிஞ்சு வாங்க.”