கிழியாத புத்தகம்

நூலகத்தின் பின்னறையில் கிழிந்த புத்தகங்களை ஒட்டித் தைப்பது அவள் வேலை. பதினாறு வருஷமாகச் செய்கிறாள். எந்தப் புத்தகத்தை ஜனங்கள் நிஜமாகவே விரும்புகிறார்கள் என்பது தலைமை நூலகரைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். சமையல் புத்தகங்கள்தான் அதிகம் அடிபட்டு வரும். எண்ணெய் ஊறிய ஓரம், மாவு அப்பிய விரல் தடம், ஆவி பட்டு உப்பிப்போன அட்டை.

அவளும் ஒரு சமையல் புத்தகம் எழுதியிருந்தாள். வெளிவந்து ஆறு வருஷம் ஆகிறது. மூன்றாவது அலமாரியில் இரண்டு பிரதிகள், ஒரு பக்கம்கூட மடங்காமல் நின்றன. இரண்டு வருஷம் கழித்து அவள் ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி, தானும் ஒன்று எழுதினாள். அது மூன்று மாதத்துக்கு ஒருமுறை முதுகு பிளந்து இவள் மேஜைக்கு வந்துவிடும். அதற்குத் தன் கையாலேயே பசை தடவ வேண்டியிருந்ததுதான் கொடுமை.

"கல்யாணமாகி வந்தப்ப வெந்நீர் வைக்கத் தெரியாது இவளுக்கு. இவ சமையல் சொல்லித் தர்றாளாம்" என்று ஊசி குத்தும்போதெல்லாம் முணுமுணுப்பாள்.

இந்தத் தடவை அது வந்தபோது அவள் தைக்கவில்லை. அடுக்கின் அடியில் செருகி, மேலே நாலு அகராதிகளை வைத்தாள். மூன்று வாரம் போனது.

ஒருநாள் பஸ் டிரைவர் ஒருவர், வேலை முடிந்த கையோடு, பின்னறை வாசலில் வந்து நின்றார்.

"அந்தச் சமையல் புத்தகம் இன்னும் ரெடியாகலையாம்மா? வீட்டுக்காரிக்குக் கை ஒடிஞ்சு கட்டுப் போட்டிருக்கு. ரெண்டு பிள்ளைங்களுக்கும் நான்தான் ஆக்கிப் போடணும். போன மாசம் அதை வச்சுத்தான் சமாளிச்சேன்."

"பசை காயலை."

"மூணு வாரமாவா?"

அவளுக்கு முகம் சுட்டது. எழுந்துபோய்த் தன் புத்தகத்தை எடுத்துவந்து நீட்டினாள். "இதைக் கொண்டு போங்க. அதைவிட இது நல்லாயிருக்கும்." எழுதியவள் தான்தான் என்று சொல்லவில்லை.

நாலு நாள் இருப்புக் கொள்ளவில்லை. ஐந்தாம் நாள் அவர் வந்தார்.

"எப்படி இருந்துச்சு?"

"எழுதினவங்க கெட்டிக்காரங்கதான். ஆனா எனக்காக எழுதலைம்மா. எல்லாத்துலயும் 'தேவையான அளவு'ன்னு போட்டிருக்காங்க. எவ்வளவு தேவைன்னு தெரிஞ்சா நான் ஏன் புத்தகம் தேடறேன்? சின்னவ சூப்பை வாயில வச்சிட்டு அழுதுட்டா."

"இன்னொண்ணுல அப்படி என்ன இருக்கு?"

"மாவு உங்க காது மடல் மாதிரி இருக்கணும், ஒரு கையால காதைத் தொட்டுப் பாருங்கன்னு இருக்கு. தொட்டுப் பார்த்தேன். சரியா வந்துச்சு."

அவர் போனதும் அகராதிகளைத் தள்ளிவிட்டு அதை எடுத்தாள். நாலு வருஷமாகத் தைத்தவள், அன்றுதான் படித்தாள். எந்த இடத்தில் கை நடுங்கும், எந்த இடத்தில் கருகும் என்று தெரிந்து எழுதியிருந்தாள் அந்த வெந்நீர் வைக்கத் தெரியாதவள். எங்காவது சொதப்பியிருக்க மாட்டாளா என்று பக்கம் பக்கமாகத் தேடினாள். இல்லை. அதுதான் வயிற்றை இன்னும் எரித்தது.

அன்று மாலைக்குள் இரட்டை நூல் போட்டுத் தைத்து, டிரைவருக்குச் சொல்லி அனுப்பினாள். பிறகு ஓரகத்திக்கு போன் செய்தாள்.

"உன் புத்தகத்தைப் படிச்சேன்."

"நிஜமாவா அக்கா?" குரல் சிறுத்துவிட்டது. "நாலு வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையே. பிடிக்கலையோன்னு நினைச்சுக்கிட்டேன்."

"தையல் சரியில்லை. பதிப்பகத்துல சொல்லு." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "மத்தபடி நல்லாத்தான் இருக்கு. வேணும்னேதான் மூணு வாரம் தைக்காம வச்சிருந்தேன்."

ஓரகத்தி சிரித்துவிட்டாள்.

"உங்க கைப்பக்குவத்தைப் பார்த்து நான் எத்தனை நாள் பொருமியிருக்கேன் தெரியுமா? அக்கா, ரெண்டாவது புத்தகம் முடிச்சிட்டேன். அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி நீங்க ஒருதடவை பார்த்துக் குடுக்கணும்."

ரெண்டாவதா!

பல்லைக் கடித்துக்கொண்டு, "அனுப்பு" என்றாள்.

மறுநாள் கையெழுத்துப் பிரதிக் கட்டு வந்து சேர்ந்தது. சிவப்புப் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தாள். எண்பதாம் பக்கத்தில் ஓர் ஒற்றுப்பிழை அகப்பட்டது. அதை மூன்று முறை வட்டமிட்டாள்.