ஏழாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவே

1

இந்தக் கதை ஒரு சிவப்பு விளக்கில் பிறந்தது. மாநகரத்துக்குள் நுழைந்ததும் வந்த முதல் சிக்னல். முன்னால் மூவாயிரம் வண்டிகள். காரை ஓட்டியது என் மனைவி. (நான் ஓட்டினால் பேசிக்கொண்டே ஓட்டுவேன், பேச்சுக்குக் கை வேண்டியிருக்கும். அதனால் ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஸ்டியரிங் அவள் வசம்.) மகள் வீட்டுக்கு ஆயிரத்து நூறு கிலோமீட்டர் பயணம். [மனைவியின் திருத்தம்: அறுநூற்று நாற்பது.] வழியில் ஒரே ஒரு பகல் இந்த ஊரில், பழைய நண்பர்கள் இரண்டு பேரைப் பார்க்க.

"இன்னைக்காவது சொல்லிடுவீங்களா?" என்றாள்.

"எதை?"

"எதைன்னு கேக்குற மூஞ்சியைப் பாரு!"

உடனே நோட்டை எடுத்தேன். சங்கடம் வந்தால் சிலர் நகத்தைக் கடிப்பார்கள். நான் கதை தொடங்குவேன்.

தொடக்கம் ஒன்று: "மாநகரம் தன் லட்சம் கண்ணாடி ஜன்னல்களாலும் எங்களைப் பார்த்துக் கண் சிமிட்டி" வேண்டாம். அறுபத்தாறு வயதுக்காரனைப் பார்த்து எந்த ஊரும் கண் சிமிட்டாது.

தொடக்கம் இரண்டு: "முப்பது வருடம் ஒன்றாக லிப்ட் பழுது பார்த்த மூன்று பேரில் இரண்டு பேர் ஆறு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. அதற்குக் காரணம் மூன்றாவது ஆள். அந்த மூன்றாவது ஆள்தான் இப்போது காரில் உட்கார்ந்து"

பச்சை விழுந்துவிட்டது.

2

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன்.

ஒட்டகம்: ஏழடி உயரம். (வாசற்படியில் குனிய மாட்டான், ஆனால் குனியலாமா என்று யோசிப்பான். அவ்வளவுதான் உயரம்.) வேலைக்கு ஏறினால் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டான். லிப்ட் கூண்டின் மேல் ஏறிய பிறகு நினைத்த நேரத்தில் இறங்க முடியாது என்பதால்.

ரேடியோ: வாய் ஓயாதவன். பல்லுக்கு நடுவே ஸ்க்ரூ இருந்தாலும் பேசுவான்.

நான்: மூட்டை. முழுப்பெயர் புளுகுமூட்டை. அவர்கள் வைத்தது. அநியாயமான பெயர் என்று சொல்ல ஆசைதான்.

அவர்கள் இரண்டு பேரும் ஒரே அடுக்குமாடியில் வீடு வாங்கினார்கள். ஒட்டகம் ஏழாம் மாடி, ரேடியோ நாலாம் மாடி. "நாம மாட்டுன லிப்டு, நம்பி ஏறலாம்டா" என்பது காரணம். இன்றைக்கு அதே லிப்டில் ஒருவன் நின்றால் மற்றவன் படியேறுகிறான். நாலு முழங்காலும் என்னைத்தான் சபிக்க வேண்டும். அவற்றில் இரண்டுக்கு விஷயமே தெரியாது.

3

விஷயம் இது. ஆறு வருடத்துக்கு முன் பணிநிறைவு விழாவில் எண்பது பேர் முன்னால் என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். என் கையில்! குரங்கு கையில் பூமாலையாவது ஒரே ஒரு மாலையோடு போகும்.

நான் சொன்னது:

"ஒரு நாள் ஒட்டகம் கூண்டு மேல, கும்மிருட்டுல மாட்டிக்கிட்டான். எதிரே வெறும் சுவர். மெயின் சுவிட்ச்சுல பூட்டு. நாலு மணி நேரம்! ரேடியோ மேல் மாடிக் கதவு இடுக்குல வாயை வெச்சு, 'சாவி வருதுடா, இதோ வருதுடா'ன்னு ஆறுதல் சொல்றான். சாவி எங்க இருந்துச்சு தெரியுமா? அவன் சட்டைப் பையில! வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்திருக்கான்!"

மண்டபம் குலுங்கியது. ரேடியோவும் சிரித்தான். ஒட்டகம் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான்.

இனி, சோடனையை ஒவ்வொன்றாக உருவுகிறேன். பழக்கமில்லாத வேலை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாலு மணி நேரம் இல்லை. ஒரு மணி பத்து நிமிடம்.

எங்கள் வேலையில் ஒரு சட்டம் உண்டு. கூண்டு மேல் ஆள் இருக்கும்போது சுவிட்ச்சை அணைக்கிறவன் தன் சொந்தப் பூட்டைப் போட வேண்டும், சாவி அவன் பையில் இருக்க வேண்டும். அடுத்தவன் பூட்டை யாரும் தொடக் கூடாது. உடைத்தால் வேலை போகும். பூட்டிவிட்டு இடத்தை விட்டு நகர்ந்தாலும் போகும்.

பூட்டு என்னுடையது. சாவி என் பையில். நான் தெருமுனைக் கடையில்.

அன்றைக்கு ஒரு வாரப் பத்திரிகையில் என் முதல் கதை வந்திருந்தது. ஒரு நிமிடம், பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று போனேன். நின்ற இடத்திலேயே மூன்று முறை படித்தேன். (நாலு முறை. இந்தக் கதை முழுவதிலும் நான் குறைத்துச் சொன்ன எண் இது ஒன்றுதான்.) கைபேசி இல்லாத காலம். ரேடியோ காவலாளியை என்னைத் தேட அனுப்பிவிட்டு, அந்தக் கதவை விட்டு நகராமல் பேசிக்கொண்டே இருந்தான். மச்சினன் கல்யாணச் சண்டை, சினிமா, பல்வலி, எல்லாம். உள்ளே ஒட்டகம் அழுதுகொண்டிருந்தான். "அந்தக் குரல் மட்டும் இல்லேன்னா எனக்குப் புத்தி பிசகியிருக்கும்" என்று பிறகு பல வருடம் சொன்னான்.

நான் ஓடி வந்தபோது ரேடியோ என் காதில் சொன்னது: "பூட்டு யாருதுன்னு ஒட்டகத்துக்கிட்டகூட மூச்சு விடாத. வேலை போயிடும்." உலகத்திலேயே பெரிய வாயாடி, எனக்காக ஒரே ஒரு ரகசியத்தைக் காப்பாற்றினான். இருபது வருடம்.

அந்தக் குரலைத்தான் மைக்கில் விற்றேன், ஒரு சிரிப்புக்கு. ஏன்? என் கதையை நானே நாலு முறை படித்தேன் என்று எண்பது பேரிடம் எப்படிச் சொல்வது? தவிர, சாவி அவன் பையில் இருந்தால் கதை நன்றாக இருந்தது. (எழுதுகிறவர்கள் இந்த வரியை மெதுவாகப் படிக்கவும்.)

போன வருடம் ரேடியோ போனில் சொன்னான்: "அவன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேக்காமலே முடிவு கட்டிட்டான் பாரு, அதுதாண்டா வலிக்குது. கேக்காதவன்கிட்ட போய் என்னத்தச் சொல்ல?"

4

ஏழாம் மாடி. கதவு திறந்த வேகத்தில் ஒட்டகம் என்னைத் தூக்கிவிட்டான். நிஜமாகத் தூக்கினான், என் செருப்பு ஒன்று கழன்று விழுந்தது, மனைவி சாட்சி. [சாட்சி சொல்கிறேன். ஆனால் இவர் கதைகளில் எனக்குச் சாட்சி சொல்வதைத் தவிர வேறு வேலையே கிடையாது என்பதையும் குறித்துக்கொள்ளவும்.]

ஜன்னலுக்கு வெளியே நகரம் முழுவதும் வெயிலில் மினுங்கியது. எங்கள் காலத்தில் நாங்கள் லிப்ட் மாட்டிய கட்டடங்களை ஒட்டகம் விரல் நீட்டிக் காட்டினான். எனக்கு இருபது வயது குறைந்தது, பசி இரண்டு மடங்கானது. சாப்பாட்டு மேசையில், அவன் வாய் நிறைய இருந்த நேரமாகப் பார்த்துச் சொன்னேன். திட்டினால் தெளிவாகக் கேட்காதே.

"ஒட்டகம், அந்தப் பூட்டு என்னோடது."

மென்றான். விழுங்கினான். சிரிக்கத் தொடங்கி, புரையேறி, மனைவி முதுகில் தட்ட வேண்டியதாயிற்று.

"அவனுக்கு வக்காலத்து வாங்கவா இவ்வளவு தூரம் வந்தே?"

"சத்தியமாடா."

"நீ சத்தியம் பண்ணா அதை ரெண்டால வகுக்கணும். போன வருஷம் பெரிய ஆபரேஷன்னே. பல்லு புடுங்கிக்கிட்டு வந்திருக்கே!"

"கடையில நின்னு என் கதையைப் படிச்சுக்கிட்டு இருந்தேண்டா. மூணு தடவை... இல்ல, நாலு தடவை."

"பாத்தியா தங்கச்சி, பேசப் பேச ஏறுது!"

வாசகரே, என் நிலைமையைப் பாருங்கள். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு உண்மையைக் கலப்படமில்லாமல் எடுத்து வைக்கிறேன், வாங்க ஆளில்லை! புலி வருது கதை எல்லோருக்கும் தெரியும். புலியே நான்தான் என்று சொல்லியும் நம்பாவிட்டால்?

அப்போது, இதுவரை சாட்சி மட்டுமே சொல்லிவந்த என் மனைவி, தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தாள்.

"அண்ணா, இவர் புளுகுறார்னுதான் எனக்கும் தோணுது."

"ஏய்!" என்றேன்.

"கையும் களவுமாப் பிடிக்கணும்னா ஒரு வழி இருக்கு. சாட்சி மூணு மாடி கீழதானே இருக்கு? ஒரே கேள்வி. ஆமாவா, இல்லையா. அவ்வளவுதான்."

ஒட்டகம் என்னைப் பார்த்தான். முப்பத்தாறு வருடமாக என்னை ஒருமுறையாவது ஆதாரத்தோடு பிடிக்க வேண்டும் என்று துடித்த மனிதன். "இன்னைக்கு இவனை விடறதா இல்ல" என்று எழுந்தான். கை கழுவினான். நல்ல சட்டை ஒன்றை எடுத்து மாட்டினான். கண்ணாடி முன்னால் நின்று தலை வாரினான்.

இங்கே கதாசிரியன் பேனாவை நிறுத்துகிறான். ஒரு பொய்யைப் பிடிக்கப் போகிறவன் எதற்குத் தலை வாரிக்கொள்கிறான்? இதை நான் கற்பனை செய்திருந்தால் அடித்திருப்பேன், நம்பும்படி இல்லை என்று. அவன் வாரினான். இரண்டு முறை.

5

லிப்ட் வரக் காத்திருக்கவில்லை, படியில் இறங்கினான். நானும் மனைவியும் பின்னால். நாலாம் மாடிக்கு அரை மாடி மேலே என் கால் நின்றுவிட்டது. படியிலேயே உட்கார்ந்தேன். நோட்டு மடியில். மணியடிப்பதற்குள் மூன்று முடிவுகள்:

அ) ரேடியோ பழையபடி என்னைக் காப்பாற்ற, "ஆமா, என் பூட்டுதான்" என்பான். நான் தப்பிப்பேன். அவர்கள் செத்தாலும் பேச மாட்டார்கள்.

ஆ) "இல்ல, மூட்டையோடது" என்பான். அவர்கள் சேர்வார்கள். என்னை இரண்டு மாடியிலும் ஏற்ற மாட்டார்கள்.

இ) இருவரும் கட்டிப்பிடித்து அழ, மழை தூறத் தொடங்கி, வெயில்தானே அடிக்கிறது? அடித்துவிட்டேன்.

எழுதும்போதே தெரிந்தது, முதல்முறையாக எனக்குப் பிடித்த முடிவில் நான் தோற்கிறேன். மனைவியிடம் காட்டினேன். "ஆ" என்றாள், பக்கத்தில் உட்கார்ந்தபடி.

மணி.

"யாரு?"

"நான்தான்."

உள்ளே சத்தமில்லை. ரேடியோவின் வீட்டில் சத்தமில்லை!

"கேள்வி ஒண்ணு" என்றான் ஒட்டகம், மூடிய கதவைப் பார்த்து. "ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லு."

"ஆறு வருஷம் கழிச்சு வந்து ஒத்தை வார்த்தையில பதில் வேணுமாம்! நான் என்ன தந்தியா?"

கதவு திறந்தது. ரேடியோ மெலிந்திருந்தான். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஒருவர் சட்டையை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு ஒட்டகம், அந்த உயரத்திலிருந்து, ரொம்பச் சின்னக் குரலில் கேட்டான்:

"அன்னைக்கு அந்தப் பூட்டு யாருதுடா?"

பதிலை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் நீங்கள் இரண்டால் வகுப்பீர்கள், அது நியாயமும்கூட. அ, ஆ, இரண்டும் மேலே இருக்கின்றன. இ-யில் மழையை மட்டும் எடுத்துவிட்டால் அதுவும் உங்களுக்கே. எடுத்துக்கொள்ளுங்கள்.

வகுக்கத் தேவையில்லாத இரண்டை மட்டும் தருகிறேன். ஒன்று, அவன் கேட்டான். கேட்டேவிட்டான். மற்றது, அதற்குக் கொஞ்ச நேரம் கழித்து, ஆறு வருடமாக ஒரே திசையில் பார்க்காத அந்த இரண்டு தலைகளும் சேர்ந்தாற்போல் நிமிர்ந்து, படியில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தன. இவ்வளவு சந்தோஷமாக நான் எப்போதும் பயந்ததில்லை.

மனைவி கார் சாவியை என் சட்டைப் பையில் போட்டாள், இந்த முறை எல்லோரும் பார்க்க.