பிச்சையம்மாளுக்கு ஒரு சத்தம்

என் மனைவி ரபியா தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. படிக்கிறாள். பொது மேலாண்மை. தாண்டிக்குடிப் பாதை வளைவில் மளிகைக் கடை நடத்துகிறவளுக்கு அது எதற்கு என்று கேட்டால், "நீங்க உங்க சோலியப் பாருங்க" என்பாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், தகவல் பாதுகாப்பு நெறிமுறை என்ற பாடம் வரும்வரை. அது வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் யாரையும் நம்புவதில்லை. என் போனுக்குக்கூடப் பூட்டுப் போட்டுவிட்டாள்.

கடைப் பலகையில் சுல்தான் ஸ்டோர் என்று என் பெயர்தான். ஆனால் ஊருக்குத் தெரிந்தது அவள் நம்பர். எங்களிடம் சிக்னல் கிடைக்கும். கீழே பள்ளத்துத் தோட்ட வீடுகளில் கிடைக்காது. அதனால் ரேஷன், கேஸ், பேங்க் எதுவானாலும் அங்குள்ளவர்கள் ரபியாவின் நம்பரையே கொடுத்திருந்தார்கள். முதியோர் பணம் வந்தால் கடையின் பின்படியில் நின்று, "பிச்சையம்மா, ஏறிருச்சு!" என்று பள்ளத்தைப் பார்த்துச் சத்தம் போடுவாள். அங்கே எல்லாருக்கும் கேட்கும். யாரும் எதையும் சந்தேகப்பட்டதில்லை.

பாடம் படித்தவளுக்குப் பொறுக்கவில்லை. "ஊரு ரகசியம் பூரா என் கையில கெடக்கு. அவங்கவங்க நம்பர அவங்கவங்க வச்சுக்கணும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். வேண்டாம் என்றேன். கேட்டால்தானே! "ஏன் இப்பத் திடீர்னு சொல்லுது? நம்ம காசுல கை வச்சிருச்சோ?" என்று பள்ளத்து நல்லுசாமி என் காதுபடவே பேசினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு ஒரு நாள் வத்தலக்குண்டிலிருந்து ராஜேஷ்குமார் ரபியாவுக்குப் போன் செய்தான். பிச்சையம்மாளின் மகன், அங்கே லோடு ஆட்டோ ஓட்டுகிறான்.

"அக்கா, அம்மா பேங்க் கணக்குக்கு ஓ.டி.பி. வந்திருக்கும். வெரசா சொல்லுங்க."

"அம்மா எங்க?"

"ஊர்லதான். ஏன்?"

"அவங்க நேர்ல வந்து சொல்லட்டும், தம்பி" என்று வைத்துவிட்டாள். எனக்கும் அவன்மேல் சந்தேகம்தான். தீபாவளிக்குக்கூடத் தாயை எட்டிப் பார்க்காதவனுக்குத் தாயின் கணக்கில் என்ன வேலை?

மறுநாள் வெள்ளனே பிச்சையம்மாளே மேடேறி வந்தாள், மகனோடு.

"நம்பர மாத்துன்னு நீதான சொன்ன? எங்கிட்டப் போனு ஏது? எம்மவன் நம்பரக் குடுக்கச் சொன்னேன். அதுக்கு அவனத் திருடனாக்குறியா?"

கடையில் ஆட்கள் நின்றார்கள். ரபியாவுக்கு முகம் செத்துப்போயிற்று. மறுபடி வந்த ஓ.டி.பி.யை வாசித்தாள். ராஜேஷ்குமார் சிரித்துக்கொண்டே போனில் அழுத்தினான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

நடந்ததையெல்லாம் பெயர் மாற்றி, படிப்புக்கான கட்டுரையாக எழுதி அனுப்பினாள். நல்ல மார்க் வந்தது. அதைக் காட்டும்போது அவள் சிரிக்கவில்லை.

அடுத்த மாதம் முதியோர் பணம் ஏறியது. அத்தனை பேசிய நல்லுசாமி நம்பரை மாற்றவே இல்லை. அவனுக்குச் சத்தம் போட்ட ரபியா, பழக்கத்தில் அடுத்த பெயருக்கு வாயைத் திறந்து மூடிக்கொண்டாள்.

மறுநாள் பிச்சையம்மாள் வந்தாள். ஒன்றும் வாங்கவில்லை. ஆட்கள் போகட்டும் என்று காத்திருந்தாள்.

"நேத்து நல்லுசாமிக்குச் சத்தம் போட்டியே. எனக்கு வரலியா தாயி?"

"உங்களுக்கு வர்ற மெசேஜ் இப்பத் தம்பிக்குத்தாம்மா போகும். கேட்டீங்களா?"

"இன்னும் ஏறலேங்கிறான்."

ரபியா என்னைப் பார்த்தாள். "வாங்கம்மா, பேங்குக்கே போயிப் பாத்துருவோம்."

"வேணாம். பெத்தவளே மவனச் சந்தேகப்பட்டதாயிரும்." புடவைத் தலைப்பைப் பிசைந்துகொண்டு நின்றாள். "பள்ளத்துல எல்லாரும் கேக்குறாளுக, உனக்கு மட்டும் ஏன் சத்தம் வரலன்னு. எனக்கும் ஒரு சத்தம் போட்டுவிடு."

"அது பொய்யாயிருமேம்மா."

"நீ சொன்னா நம்புவாங்க."

ரபியா பின்படிக்குப் போனாள்.

"பிச்சையம்மா, ஏறிருச்சு!"

கீழேயிருந்து யார் கண்ணிலும் பட்டுவிடாமல் வெங்காய மூட்டைக்குப் பின்னால் ஒதுங்கி நின்று, பிச்சையம்மாள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.