மேல்மண்

பாறையைத் தோண்டுவதற்கு முன்னால் மேல்மண்ணைச் சுரண்டித் தனியே குவித்துவைக்க வேண்டும். சுண்ணாம்புக்கல் தீர்ந்து குழி ஓய்ந்த பிறகு அதே மண்ணைத் திரும்பப் பரப்பி மரம் நடுவார்கள். எந்தக் குழி எப்போது, எந்த மண் எங்கே என்று வரைபடம் போடுவதுதான் நிலானியின் வேலை. மலேசியாவின் சிரம்பான் ரஹாங்கிலிருந்து தினமும் காரில் வந்து, சிமெண்டு ஆலையின் குவாரி அலுவலகத்துக் குளிரில் உட்கார்ந்து, ஒரு தோட்டத்தையே கோடு கோடாக அறுத்துப் போட்டிருந்தாள். கணினியில் அறுப்பது சுலபம், ரத்தம் வராது.

அடுத்து அறுபட வேண்டியது தோட்டத்துப் பழைய சுடுகாடு. கல்லும் சிமெண்டும் வைத்த கல்லறைகளையெல்லாம் நிறுவனம் பூசை போட்டு வேறிடத்துக்கு மாற்றிக் கொடுத்துவிட்டது. சிமெண்டு ஆலைக்காரன் கண்ணுக்குச் சிமெண்டு தெரிந்தால்தானே அது கல்லறை?

கேன்டீனில் சமைக்கும் பஞ்சாலை ஒருநாள் தேநீரை வைத்துவிட்டுப் போகாமல் மேசையருகே நின்றாள். அந்தத் தோட்டத்தில் பிறந்து, ரப்பர்ப் பால்மரம் சீவி, வேலை போனதும் பக்கத்து டவுன் அடுக்குமாடிக்குக் குடிபோனவள்.

"மிஸ், என் புள்ள அங்கதான் இருக்கு," என்றாள்.

மூன்று மாதத்தில் காய்ச்சல் கண்டு போன பெண்குழந்தை. கைக்குழந்தைக்கு யார் கல் வைக்கிறார்கள்? குழிமேல் ஒரு செம்பருத்திக் கொம்பை ஊன்றிவிட்டு வந்ததோடு சரி.

இடத்தைக் காட்டினால் எடுத்துக் கொடுக்க ஏற்பாடு செய்கிறேன் என்றாள் நிலானி. அவள் கிறிஸ்தவப் பெண். வருடா வருடம் அம்மாவோடு கல்லறைக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றுகிறவளுக்கு இதில் என்ன சிரமம் என்றே தெரியவில்லை.

"பொம்பளைங்க சுடுகாட்டுக்குப் போவோமா மிஸ்? அவருதான் தூக்கிட்டுப் போனாரு. என்னைய வாசலோட நிறுத்திட்டாங்க. எந்த இடம்னு அவருக்குத்தான் தெரியும்."

அவரும் போய்ச் சேர்ந்து பல வருடங்கள் ஆகியிருந்தன.

இருந்தும் நிலானி அவளைக் காரில் கூட்டிக்கொண்டு போனாள். அந்த வயதில் முதல் தடவையாகப் பஞ்சாலை சுடுகாட்டுக்குள் கால் வைத்தாள். கீழ்க்கோடியில், வாய்க்கால் ஓரம் என்று மட்டும் புருஷன் சொல்லியிருந்தார். பால்மரத்தை வெட்டி எண்ணெய்க்கான செம்பனை நட்டபோது வாய்க்காலையே இடம் மாற்றிவிட்டிருந்தார்கள். செம்பருத்தியும் இல்லை. அங்கே நின்று, இங்கே குனிந்து, மண்ணைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கடைசியில் நிலானியிடம் கேட்டாள்:

"இங்க இருக்குமா மிஸ்?"

நிலானி நேராக மானேஜரிடம் போனாள்.

மானேஜர் சுகுமாறன் கல்நெஞ்சுக்காரரில்லை. இடம் தெரிந்தால் கையாலேயே தோண்டச் சொல்கிறேன் என்றார். ஆனால் அதற்காகக் கீழ்க்கோடி முழுவதையும் தோண்டாமல் எப்படி விடுவது? அதன் அடியில் கிடக்கும் தரமான கல்லைக் கலக்காவிட்டால் மற்றக் கல் சிமெண்டுச் சூளைக்கு ஆகாது. அதை அறிக்கையில் அழுத்தம் திருத்தமாக எழுதியவளே நிலானிதான். தன் வார்த்தையே தன் வாயை அடைக்க, தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள்.

அவளால் முடிந்தது ஒன்றே ஒன்று. கீழ்க்கோடி மண்ணை வேறெதோடும் கலக்காமல் தனிக் குவியலாகப் போடவைத்தாள். சுற்றிலும் கயிறு கட்டி, யாரும் தொடக்கூடாது என்று பலகை நட்டாள். இந்த மண் ஒரே இடத்தில் திரும்பப் பரப்பப்படும், அங்கே செம்பருத்தி நடப்படும் என்று திட்டத்திலும் ஏற்றினாள்.

"திரும்பி வந்துருமா மிஸ்?"

"வரும் ஆன்ட்டி. கொஞ்ச வருஷம் ஆகும்லா."

கொஞ்சம் என்பது இருபத்தைந்து வருடம். அதைச் சொல்ல நிலானிக்கு வாய் வரவில்லை. பஞ்சாலையும் துருவிக் கேட்கவில்லை. குவியல்மேல் தானே ஒரு செம்பருத்திக் கொம்பை ஊன்றி, அரிசி களைந்த தண்ணீரைத் தினமும் கொண்டுபோய் ஊற்றினாள். அது துளிர்த்த அன்று அலுவலகத்தில் எல்லோருக்கும் பாயசம்.

நவம்பரில் கொட்டிய மழையில் லாரிப் பாதை சரிந்தது. கல் நின்றால் சூளை நிற்கும், சூளை நின்றால் ஆளாளுக்குத் தலை உருளும். ஞாயிற்றுக்கிழமையே, மண் அள்ளும் குத்தகைக்காரன் ஆட்கள் கைக்கு எட்டிய மண்ணை அள்ளிப்போட்டுப் பாதையைச் சரிசெய்துவிட்டார்கள். திங்கட்கிழமை நிலானி வந்தபோது குவியல் இருந்த இடம் மொட்டையாகக் கிடந்தது. பலகை மட்டும் நின்றது. அவள் போனில் கத்தியதற்குக் குத்தகைக்காரன் நிஜமாகவே வருத்தப்பட்டான்.

"மண்ணுதானே மிஸ். வேற மண்ணு கொட்டித் தர்றேன்."

நிலானி போனை அணைத்தாள்.

அதற்குள் பஞ்சாலை அரிசித் தண்ணீர் வாளியோடு வந்துவிட்டாள். மொட்டைத் தரையைப் பார்த்தாள்.

"எங்க போட்டாங்க மிஸ்?"

நிலானி பாதையைக் காட்டினாள். மேட்டு வளைவு வரைக்கும் சிவப்பாகக் கிடந்தது, டயர்த் தடம் பதிந்து.

பஞ்சாலை வாளியை இறக்கி வைத்துக் குத்தவைத்து உட்கார்ந்தாள். குவாரிக்குள் எல்லோருக்கும் கட்டாயமான கனத்த பூட்ஸை, முடிச்சை அவிழ்த்து, ஒவ்வொன்றாகக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். வெறுங்காலோடு அந்த மண்மேல் அடிமேல் அடி வைத்து நடக்கத் தொடங்கினாள். பூட்ஸ் போடச் சொல்லிக் காவலாளி கத்தியது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

பின்னால் கல் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. நிலானி ஓடிப்போய் நடுப்பாதையில் இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

லாரி நின்றது. அதன் பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால் இன்னொன்று. பஞ்சாலை இன்னும் பாதி தூரம்கூடப் போகவில்லை.