பெட்டிக்குள் பாடியவன்

மூன்றாம் நாளும் அந்தப் பெண் கிப்பன் குரங்கு, பாட்டுப்பெட்டி கட்டிய மரத்துக்கே வந்து உட்கார்ந்ததைக் கண்டதும் மெய்லுவான் மரத்தடியிலேயே நின்றுவிட்டாள். பொன்னிற ரோமமெல்லாம் பனியில் நனைந்து ஒட்டியிருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் அத்தி பழுத்துத் தொங்கியும் அது தொடவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது.

எல்லாம் வனக்காவலர்களோடு வேலை செய்யும் அவள் போட்ட திட்டம்தான். போன வருஷப் புயலில் மலை சரிந்து காடு இரண்டாகப் பிளந்தது. இதன் ஆண் அந்தச் சரிவிலேயே செத்தது. பெண் அந்தப் பக்கம் ஒண்டியாக நின்றுபோனது. இந்தப் பக்கம் துணையில்லாத ஆண் ஒன்று விடிந்தால் தொண்டை கிழியப் பாடியது. சீனத்து ஹைனான் தீவின் இந்த மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத இனம். மிஞ்சியிருப்பதே சில டஜன். இரண்டும் சேர்ந்தால் ஒரு குட்டியாவது பிறக்காதா? வனக்காவலர்கள் சரிவின் குறுக்கே கயிறு கட்டிப் பார்த்தார்கள். பெண் சீண்டவே இல்லை. அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. செத்த ஆணின் பாட்டுத்தான் பதிவாகி இருக்கிறதே, அதை இந்தப் பக்கம் போட்டால்?

போட்டார்கள். பாட்டு முடியுமுன்பே கயிற்றில் ஆடி ஆடி வந்துவிட்டது. அவள் கொழுந்தன் குவாங், அவனும் காவலன்தான், வாய் நிறைய, மூங்கில் குழாயில் வெந்த சோற்றோடு குதித்தான். வந்தது பாடினவனைத் தேடி என்பது அன்றைக்கு யார் மண்டையிலும் உறைக்கவில்லை. மறுநாள் உயிருள்ள ஆண் பக்கத்துக் கிளையில் வந்து பாடியபோது, பெண் முதுகைத் திருப்பிக்கொண்டது.

அந்தப் பாட்டைப் பதிவு செய்தது மெய்லுவானின் புருஷன். மழைக்காலக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான், பாவி மனுஷன். பாட்டின் கடைசியில் அவன் குரல் இருந்தது. “மெய், மழை வருது. வா போலாம்.”

அந்த இடம் வரும்வரை அவள் ஒருநாளும் பெட்டியை நிறுத்தியதில்லை.

“அண்ணி, போதும்” என்றான் குவாங். “நம்ம லி ஜனத்துல செத்தவங்க பேரையே வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். சொன்னா வாசல்ல வந்து நின்னுருவாங்கன்னு பயந்து சாகுறோம். குரங்குன்னா மட்டும் செத்தவன் குரலையே போட்டுக் கூப்பிடலாமா?”

“வாய மூடுடா. இந்தப் பாட்டுதான் அதைக் கயித்துல ஏத்துச்சு.”

“ஏத்துச்சு. இப்ப பட்டினி போட்டுக் கொல்லுது.” குரலைத் தாழ்த்தினான். “நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க. பாட்டு அதுக்கா, உங்களுக்கா?”

அவள் பாட்டு பதிந்திருந்த கருவியை எடுத்து அழிக்கும் பொத்தானில் விரலை வைத்தாள்.

“அய்யோ, அழிக்க வேணாம் அண்ணி! அணைச்சா போதாதா? அண்ணன் குரலும்ல போயிரும்!”

“இருந்தா நாளைக்கும் போடுவேன்.”

புருஷனை அடக்கம் செய்த அன்று குழிமேட்டில் நின்று வீட்டார் ஒவ்வொருவரும், ‘நீ போ, நாங்க வரல’ என்று சொல்லி அனுப்பவேண்டும். எல்லோரும் சொன்னார்கள். அவள் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். இப்போது கருவியைக் காதோடு வைத்து, கடைசி வரியை மட்டும் கேட்டாள். மெய், மழை வருது. வா போலாம்.

“நீ போ” என்றாள். “நான் வரல.”

பொத்தானை அழுத்தினாள். குவாங் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மேலே பெண் கிப்பன் குரல் கொடுத்தது. தன் அடியைப் பாடிவிட்டு, செத்த ஆண் பதில் பாடவேண்டிய இடத்தை விட்டுக் காத்திருந்தது. பெட்டி பேசவில்லை. மறுபடி பாடியது, மறுபடி இடம் விட்டது. மெய்லுவானும் அந்த இடத்தில் காதை வைத்திருந்தாள்.

முகட்டின் மேலிருந்து உயிருள்ள ஆண் பாடத் தொடங்கியது.

பெண் தலையைத் தூக்கியது. பிறகு கிளை தாவி, வந்த கயிற்றையே பிடித்துப் பாதிவரை போனது. அங்கே நின்றுவிட்டது. கீழே தன் ஆண் செத்த சரிவு, முன்னால் பழைய காடு, பின்னால் உயிருள்ளவனின் பாட்டு. மழை தூறத் தொடங்கியது. நடுக்கயிற்றில் ஒற்றைக் கையில் தொங்கியபடி, எந்தப் பக்கமும் போகாமல், அது நனைந்துகொண்டிருந்தது.