பின்கதவில் ஒரு பெயர்

புகாரோடு ஒரு புகைப்படம் வந்திருந்தது. வெள்ளை வேன் ஒன்றின் பின்கதவு. கதவு முழுக்கப் பல்கலைக்கழகத்தின் பெயர், அதன் கீழே வாடகைக்கு அழைக்க ஒரு கைபேசி எண். வேனைக் கழுவிய ஈரம் காயவில்லை. ஓரத்தில் ஒரு வாளி, அதன் பின்னால் பாதி திறந்த வீட்டுக் கதவு. அனுப்பியவர் பெயர் இல்லை. 'இதை எடுக்கச் சொல்லுங்கள்' என்று ஒரு வரி மட்டும்.

அவள் ஸ்கேலை எடுத்துத் திரையில் வைத்தாள். பல்கலைக்கழகத்தின் பெயரை அதற்கென்று வரைந்த எழுத்தில், அதற்கென்று குறித்த நீலத்தில்தான் போட வேண்டும். இழுக்கக் கூடாது, நசுக்கக் கூடாது. சுற்றிலும் ஓர் எழுத்தின் உயரத்துக்கு வெற்றிடம் விட வேண்டும். வெளியாட்கள் போடவே கூடாது. அச்சிலும் இணையத்திலும் இதைப் பார்த்துக்கொள்வதுதான் பதினோரு வருடமாக அவள் வேலை. பால் பாக்கெட்டைக்கூட அளந்துதான் பிரிப்பாள் என்று கணவன் கேலி செய்வான்.

வேனில் எழுத்துகள் பக்கவாட்டில் இழுபட்டு, அடித்துப்போட்ட மாதிரி கிடந்தன. அந்த எண்ணை அழைத்தாள்.

"ஐயா, பல்கலைக்கழகத்துலேர்ந்து பேசுறேன். உங்க வேன்ல எங்க பேரு..."

"பாத்தீங்களாம்மா?" குரலில் அவ்வளவு சந்தோஷம். "எம்பொண்ணு அங்கதான் படிக்கிறா. கடைசி வருஷம். தெனம் எட்டே முக்காலுக்கு வாசல்ல விட்டுட்டுத்தான் சவாரிக்கே போவேன்."

கேட்காமலே மகளின் பதிவு எண்ணை மூச்சுவிடாமல் ஒப்பித்தார். அவள் விரல்கள் அதைத் தட்டிவிட்டன. திரையில் வந்தது: விலகியவர். தேதி போன வருடத்தது.

எழுந்தாள். உட்கார்ந்தாள்.

"லைன்ல இருக்கீங்களாம்மா? ஏதும் தப்பா?"

எடுத்துவிடுங்கள் என்று சொன்னால் முடிந்தது. ஏன் என்பார். வெளியாட்கள் போடக் கூடாது என்றால், நான் எப்படிம்மா வெளியாள் என்பார். அதற்கு மேல் தன் வாயிலிருந்து என்ன வரும் என்று அவளுக்கு நிச்சயமில்லை.

"எழுத்து... கொஞ்சம் இழுபட்டிருக்கு."

"அவ்வளவுதானா! கதவுக்கு ஏத்த மாதிரி இழுத்துட்டான் அந்த ஸ்டிக்கர் கடைத் தடியன். சரியான படத்த அனுப்புங்கம்மா, மாத்திடுறேன்."

அளவுகளோடு அனுப்பினாள். புகாருக்கு எதிரே 'சரிசெய்யப்பட்டது' என்று எழுதி மூடினாள். அன்று நான்கு துண்டறிக்கைகளை நீலம் சரியில்லை என்று திருப்பி அனுப்பினாள். நான்காவதில் நீலம் சரியாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் ஒரு காலை, எட்டே முக்காலுக்கு வாசலில் போய் நின்றாள். வேன் வந்தது. ஒரு பெண் இறங்கிக் கையசைத்து உள்ளே நடந்தாள். வேன் நகர்ந்ததும் திரும்பி வந்து, காவலாளி அறைக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அங்கிருந்தபடியே அந்தப் பெண், இவள் கழுத்தில் தொங்கிய அட்டையில் பெயரைப் படித்தாள்.

"அப்பாவுக்குச் சரியான படத்த அனுப்பினது நீங்கதானாக்கா? அப்பா உங்க மெயில ஊருக்கே காட்டிட்டாரு."

இவள் பெஞ்சுக்குப் பக்கத்தில் போனாள்.

"எடுக்கச் சொல்லித்தானே எழுதினேன்."

வாளி நினைவுக்கு வந்தது. பாதி திறந்த கதவு.

"எடுக்கச் சொல்லியிருந்தா, ஏன்னு எங்கிட்டதான் வந்து கேட்டிருப்பாரு. அப்போ சொல்லிடலாம்னு இருந்தேன்."

"இப்போ சொல்லேன்."

"இப்போவா?" பெண் சிரித்தாள். "கடையில ஸ்கேலும் கையுமா நாலு மணி நேரம் நின்னிருக்காரு."

பிறகு பைக்குள் கைவிட்டுத் துழாவினாள். "சாப்பாட்ட வண்டியிலயே விட்டுட்டேன்."

சாலையில் ஹாரன். திருப்ப இடமில்லாமல் வேன் பின்புறமாகவே வாசலை நோக்கி வந்துகொண்டிருந்தது. பெண் எழுந்தாள். உள்ளே ஓட நேரம் இருந்தது. ஓடவில்லை. சரியான நீலம். சுற்றிலும் சொன்ன அளவுக்கு வெள்ளை. எழுத்துகள் பெரிதாகிக்கொண்டே வந்தன.