கலையாத படுக்கை

நானும் என் மனைவியும் தங்கிய நட்சத்திர ஹோட்டலில் கட்டில் எவ்வளவு பெரிது தெரியுமா? மத்தியானம் அதில் படுத்தவளைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்குச் சாயங்காலம் ஆகிவிட்டது. நடுவில் வழி தவறி, ஒரு தலையணை மேல் உட்கார்ந்து இளைப்பாறினேன்.

யாரும் நம்பவில்லை. நம்பவும் மாட்டார்கள். 'இன்னும் ஐந்தே நிமிடத்தில் புறப்படும்' என்று பஸ் நிலையத்து மைக்கில் சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்ற வாய் இது. மற்றவர்கள் நம்பாமல் சிரித்தார்கள். என் மச்சினன் மட்டும் சிரிக்கவில்லை.

அவன் அவளுடைய தம்பி. வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கிற வேலை. கண்ணாடிக்குள் எண் தெரிந்தால்தான் எதையும் ஒப்புக்கொள்வான். அம்மா வேலைக்குப் போய்விடுவாள் என்பதால் அவனை வளர்த்தது அக்காதான். அந்த அக்கா வேலை பார்த்ததும் அதே ஹோட்டலில்தான், அறை சுத்தம் செய்கிறவளாக. யார் யாரோ புரண்டு எழுந்த படுக்கையை உதறி விரித்து, ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்துச் செருகிவிட்டு வருவாள். வீட்டிலோ கட்டிலின் ஓரத்தில் குச்சி மாதிரி கிடப்பாள். முதல் ஷிப்டுக்கு எழ வேண்டுமே என்று பாதிக் கண் விழித்தே இருக்கும்.

நோய் வந்து வேலையை விட்டாள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்ததும் நான் செய்த முதல் காரியம், அந்த ஹோட்டலில் அறை போட்டதுதான்.

"நான் விரிச்ச கட்டில்ல நானே போய்ப் படுக்கவா? உங்களுக்கு மூளை கழண்டு போச்சா?" என்று சண்டை பிடித்தாள். ஆனாலும் இருப்பதிலேயே நல்ல உடுப்பாகத் தேடி உடுத்திக்கொண்டு வந்தாள். கீழே கூடத்துத் தரை அப்படிப் பளபளத்தது. குனிந்து பார்த்துத்தான் எனக்குக் கடைவாயில் ஒரு பல் சொத்தை என்றே தெரிந்தது. குளியலறையில் ஒரு பஸ்ஸைத் தாராளமாகத் திருப்பலாம்.

அவள் எதையும் வேடிக்கை பார்க்கவில்லை. விளக்கின் மேல் விரலால் தடவித் தூசி பார்த்தாள். விரிப்பின் ஒரு மூலையைத் தூக்கி 'உச்' கொட்டி, மறுபடி செருகினாள். அப்புறம் 'சும்மா ஒரு நிமிஷம்' என்று சாய்ந்தாள். தூங்கிவிட்டாள்.

மறுநாள் காலையில் நான் எழுந்து பார்த்தால் குளியலறைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். இனி இந்த அறையைச் சுத்தம் செய்ய வரப்போகிறவள் அவளோடு வேலை பார்த்தவளாம். "நான் படுத்த துணிய அவ உதறணுமா?" என்றாள். மூச்சு வாங்க வாங்கப் படுக்கையைச் சரிசெய்தாள். கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தாள். நான் பைக்குள் தள்ளியிருந்த சோப்பைக்கூடப் பிடுங்கி இருந்த இடத்தில் வைத்தாள்.

அடுத்த மழைக்கு அவள் இல்லை.

காரியமெல்லாம் முடிந்து, வேலையிடத்தில் அவளுக்குக் கொடுத்திருந்த அலமாரியின் சாவியை ஒப்படைக்க மச்சினன் ஹோட்டலுக்குப் போனான். போனவன் சும்மா வரவில்லை, விசாரித்துவிட்டு வந்தான். அறை போட்டது உண்மைதானாம். ஆனால் யாரும் தங்கவில்லையாம், படுக்கை கலையவே இல்லையாம். சுத்தம் செய்யப் போனவளே சொன்னாளாம்.

வாசலிலேயே நின்றான். "நீங்க எவ்வளவோ அளந்திருக்கீங்க மாமா, நான் ஒண்ணும் சொன்னதில்ல. அக்கா விஷயத்துலயுமா? ஒரு நாளாவது அவ நிம்மதியா தூங்கினான்னு தெரிஞ்சா போதும்னுதானே போய்க் கேட்டேன்."

காலையில் அவள் செய்ததையெல்லாம் சொன்னேன். இதுவும் உங்கள் கதைதான் என்றான்.

"தூங்கினாடா."

"எப்படித் தூங்கினா, சொல்லுங்க."

"கையையும் காலையும் பரப்பிக்கிட்டு. அவ விட்ட குறட்டையில ஜன்னல் கண்ணாடியெல்லாம்..."

"மாமா."

நிறுத்திவிட்டேன். பெரிதாக்கிச் சொல்ல என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

"என் காதைப் பிடிச்சுக்கிட்டுத் தூங்கினா," என்றேன். "பக்கத்துல சாஞ்சிருந்தேன். தூக்கத்துலயே கை நீட்டி, காது மடலை ரெண்டு விரலால பிடிச்சா. இத்தனை வருஷத்துல ஒரு நாளும் அப்படிப் பிடிச்சதில்ல. அசைஞ்சா முழிச்சிடுவாளேன்னு இருட்டுற வரைக்கும் அப்படியே கிடந்தேன். கழுத்து பிடிச்சுக்கிச்சு."

அவன் கை மெல்ல மேலே போய்த் தன் காதைத் தொட்டது.

பிறகு சொன்னான். சின்ன வயதில் அம்மாவைப் போல அக்காவும் எழுந்து போய்விடுவாளோ என்று இவனுக்குத் தூக்கமே வராதாம். அதனால், தான் பக்கத்திலேயே இருப்பது இவனுக்குத் தெரியட்டும் என்று, அவள் இவன் காதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாளாம். பையன்கள் கேலி செய்வார்களே என்று, யாரிடமும் சொல்லக்கூடாதென அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தானாம். அவள் வேலைக்குப் போக ஆரம்பித்ததும் அந்தக் கை அப்படி வருவது நின்றுபோயிற்றாம்.

உள்ளே வந்து, எங்கள் கட்டிலில் அவள் படுக்கும் ஓரத்தில் உட்கார்ந்தான். விரிப்பை உள்ளங்கையால் ஒரு முறை தடவினான்.

"நல்லா தூங்கியிருக்கா, மாமா," என்றான்.